இடது முன்சக்கரம்

எங்கள் காரின் இடது முன்சக்கரம் மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். வலது முன்சக்கரமும் கறுப்புதான், ஆனால் அது தினமும் ஓடுகிற காருக்கு இருக்கிற சாதாரணக் கறுப்பு. இடது பக்கமோ விறகடுப்புக்கு மேலே இருக்கிற ஓடு மாதிரி. பின்சக்கரங்கள் இரண்டும் பளிச்சென்று இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அடித்தளப் பார்க்கிங்கில் இடது பக்கம் சுவரை ஒட்டி நிற்கிறது, காலையில் ஐந்து மணிக்கு வந்து துடைக்கிற அண்ணன் அந்த இடுக்குக்குள் குனிவதில்லை என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இரண்டு மூன்று தடவை அவரிடம் முகத்தைக்கூடக் காட்டினேன். பாவம் மனுஷன்.

வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட், ஆலாய் வீல் போட்டது. பெங்களூரில் ராமமூர்த்தி நகரிலிருந்து டின் ஃபேக்டரி, மாரத்தஹள்ளி வழியாக பெல்லந்தூர் ஆபீசுக்குத் தினமும் போய் வருகிறேன். அந்த ரிங் ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதைவிட பிரேக்கை மிதிப்பதுதான் அதிகம். பத்தடி நகர்ந்தால் ஒரு மிதி.

அந்தக் கறுப்பைப் போக்க நான் செய்யாத வேலை இல்லை. பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டேன். பித்தளைக் குத்துவிளக்கே பளபளக்கும்போது இது எம்மாத்திரம் என்று ஒரு நாள் புளி போட்டுத் தேய்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றி நாரால் தேய்த்தேன். கறுப்பு போனது. கூடவே மேலே இருந்த பாலிஷும் போய், இரண்டு இடத்தில் தேமல் மாதிரி வெள்ளை விழுந்துவிட்டது. அந்தத் தேமல் இன்றும் இருக்கிறது. ஆலாய் வீலின் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. ஆசிட் அதைத் தின்றுவிட்டால் அடியில் இருக்கிற அலுமினியத்துக்குப் பாதுகாப்பு கிடையாது.

போன ஜூனில் ஆயில் மாற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். மாலையில் போன் வந்தது. "மேடம், முன்னாடி பேட் தேஞ்சிடுச்சு, டிஸ்க்கும் மாத்தணும். 14,600 ஆகும், போட்டுடலாமா?" சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு டிஸ்க், பிரேக்கை மிதித்தால் அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற கட்டைகள் பேட். வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். வீல் நட்டுகளின் மேல் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. கழற்றாமலே எப்படிப் பார்த்தார்கள்? ஆலாய் இடுக்கு வழியே நானும் போனில் டார்ச் அடித்துப் பார்த்தேன், பேடில் நல்ல கனம் இருந்தது. ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டு, கோபத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை, பாதி பொய். எந்தப் பாதி எது என்று தெரிய அப்பா வரவேண்டியிருந்தது.

அப்பா கோலார் தங்க வயலில் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடும் வரைக்கும் சாம்பியன் ரீஃபில் வேலை. இப்போதும் அங்கேயே ஆண்டர்சன்பேட்டையில்தான் இருக்கிறார், பெங்களூருக்கு வா என்றால் வரமாட்டார். கண்ணில் புரை பார்க்க ஆகஸ்டில் ரயிலேறி கே.ஆர். புரத்தில் வந்து இறங்கினார். கூப்பிடப் போனேன். பையை டிக்கியில் வைத்துவிட்டு நேரே கதவுக்கு வராமல் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். இடது முன்சக்கரத்தில் ஒற்றை விரலால் ஒரு கோடு இழுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

"பாப்பா, இது ரோட்டு மண்ணு இல்ல. இரும்பு."

எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது, இன்னும் பாப்பாதான்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ் கதவில் மாம்பழ வடிவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்தார். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, சக்கரத்தில் வழித்த தூசியின் மேல் பிடித்தார். தூசி மயிர் மயிராக எழுந்து கவரில் ஒட்டிக்கொண்டது. காந்தத்தை உள்ளேயிருந்து உருவியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. என் மகள் அதைப் பத்து தடவை செய்து பார்த்தாள். பிரேக் பிடிக்கும்போது பேடும் தேய்கிறது, வார்ப்பிரும்பு டிஸ்க்கும் தேய்கிறது. அந்தத் தூள் சூட்டோடு சூடாகப் போய்ச் சக்கரத்தில் ஒட்டி, மேலே தண்ணீர் பட்டால் துருப்பிடித்து, பூச்சுக்குள் வேர் விடுகிறது. என் பாத்திர சோப்புக்கு அது அசையாததன் காரணம் அதுதான். பின்சக்கரத்தில் டிரம் பிரேக், தேய்கிற தூள் டிரம்முக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அதோடு, பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்.

"சரி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மிதிக்கிற. ஒரு பக்கம் மட்டும் ஏன் ஜாஸ்தி கொட்டுது?" என்று கேட்டார் அப்பா. ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

மறுநாள் ஹொரமாவு வரைக்கும் போய் வந்தோம். நிறுத்தியதும் இறங்கி, இரண்டு முன்சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டச் சொன்னார். தொடக்கூடாது, பக்கத்தில் காட்டினால் போதும். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் தோசைக்கல். "விடவே மாட்டேங்குது. பிடிச்சிக்கிட்டே ஓடியிருக்கு" என்றார். மைலேஜ் குறைந்ததற்கு நான் பெட்ரோல் பங்கைத் திட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கழற்றுவது என்று முடிவானது. எழுபத்திரண்டு வயது, ஒரு கண்ணில் புரை. அவர் சொல்ல நான் செய்வது என்று ஒப்பந்தம். சனிக்கிழமையே ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் பேட் வாங்கி வந்தேன். மெட்ரோ பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக், அங்கே மாறி கே.ஆர். மார்க்கெட், அப்புறம் நடை. கடைக்காரர் நான் கன்னடத்தில் ஆரம்பித்ததும் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். நாலு பேட் கொண்ட ஒரு செட்தான் தருவார்கள், இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். தூசி குறைவாகக் கொட்டுகிற செராமிக் பேட் இருக்கிறதா என்று கேட்டேன். இந்த வண்டிக்குத் தன்னிடம் இல்லை என்றார். உலோகத்தூள் அதிகம் கலந்த பேட் நன்றாகப் பிடிக்கும், சூடு தாங்கும், ஆனால் கறுப்பாகக் கொட்டும். செராமிக் கொட்டுவது கம்மி, கொட்டினாலும் நிறம் வெளிறியிருக்கும். சாதாரணமானதே போதும் என்று வாங்கிக்கொண்டு, பில்லையும் கேட்டு வாங்கினேன். பில் தரமாட்டேன் என்கிற கடையில் பிரேக் சாமான் வாங்காதே என்பது அப்பாவின் உத்தரவு.

ஞாயிறு காலை பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல், ஹேண்ட் பிரேக், முதல் கியர். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கி. சக்கரத்தைக் கழற்றியதும் நான் அதைச் சுவரில் சாய்க்கப் போனேன். அப்பா வாங்கி வண்டிக்கு அடியில் படுக்கையாகத் தள்ளினார். ஜாக்கி சறுக்கினால் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும், ஆள் மேல் உட்காராது.

உள்ளே எல்லாம் மை பூசியது போலிருந்தது. டயருக்குக் காற்றடிக்கிற சின்ன கம்ப்ரசர் என்னிடம் இருக்கிறது, அதால் ஊதிவிடலாம் என்று எடுத்தேன். அப்பா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊதாத."

துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, எல்லாவற்றையும் நனைத்தார். கறுப்பு ஒழுகிக் கீழே விரித்த பேப்பரில் இறங்கியது. அப்புறம் ஈரத்துணியால் வழித்து, துணியையும் பேப்பரையும் கவரில் போட்டுக் கட்டினார். சுரங்கத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டேதான் பாறையில் துளை போடுவார்கள், காய்ந்த தூசி எழும்பவே விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே செய்தார். பெரியப்பா பெயரை எடுக்கவில்லை, எடுக்க வேண்டியதுமில்லை. பாறைத்தூசி நெஞ்சில் கட்டி, கடைசி நான்கு வருஷம் பெரியப்பா உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். தங்க வயல் பக்கம் ராபர்ட்சன்பேட்டை, மாரிக்குப்பம், எங்கே கேட்டாலும் வீட்டுக்கு ஓர் இருமல் கதை இருக்கும். பழைய காலத்து பிரேக் பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் வேறு கலப்பார்கள். இப்போது அது இல்லாத பேட்தான் வாங்கினோம் என்றாலும், நைசாகப் பொடித்த இரும்பை மூச்சில் இழுப்பதால் யாருக்கும் லாபம் இல்லை. ஐரோப்பாவில் 2024-ல் கொண்டுவந்த யூரோ 7 விதியில் பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள், சாதாரண பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என்று. புகைக்குழாயை மட்டும் பார்த்த காலம் போய்விட்டது. அப்பாவிடம் சொன்னேன். "இப்பதான் தெரிஞ்சுதா அவங்களுக்கு?" என்றார்.

பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற கவ்விதான் காலிப்பர். அதன் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் இரண்டும் கையோடு வந்துவிட்டன. வெளிப்பக்கப் பேட் நான் டார்ச் அடித்துப் பார்த்த அதே பேட், இன்னும் ஓராண்டு ஓடும். உள்பக்கப் பேட் இரும்புத் தகடு வரைக்கும் வந்திருந்தது. ஒரு ஓரத்தில் அரிசி கனத்துக்கு மிச்சம், இன்னொரு ஓரத்தில் அதுவும் இல்லை. தேய்ந்துவிட்டால் டிஸ்க்கில் உரசி கீச்சென்று சத்தம் கொடுக்க ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள், அதுவும் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. அப்படியானால் அது எத்தனையோ நாள் கத்தியிருக்கிறது. ஆபீஸ் போகிற வழியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் பாட்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சர்வீஸ் சென்டர்காரர் சொன்ன உண்மைப் பாதி இதுதான். மனசுக்குள் அவரிடம் பாதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

காரணம் காலிப்பருக்குள்ளேயே இருந்தது. இந்த மாதிரிக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். அது உள்பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிப்பர் மொத்தமும் பின் என்கிற இரண்டு இரும்புக் குச்சிகளின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். மிதியை விட்டால் திரும்ப நகரும். எங்கள் வண்டியில் கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய், அந்தப் பின் துருவோடு இறுகியிருந்தது. காலிப்பர் நகரவே இல்லை. உள்பேட் தனியாகப் பாரம் சுமந்து, விடாமல் உரசி, ஒரு வருஷமாக என் சக்கரத்தில் மை பூசியிருக்கிறது.

அன்றைக்கு அதோடு சக்கரத்தை மாட்டி வண்டியை நிறுத்திவிட்டோம். திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு மறுபடியும் ஜே.சி. ரோடு போய், ரப்பர் உறையும் பிரேக்குக்கு என்று தனியாக வருகிற சிலிகான் கிரீஸும் வாங்கி வந்தேன். வீட்டில் இருக்கிற சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப்போய், அந்தப் பின் மறுபடியும் மாட்டிக்கொள்ளும். சிலிகான் கிரீஸும் பின்னுக்கு மட்டும்தான், பேடின் உரசுகிற முகத்தில் ஒரு துளி பட்டாலும் அந்த பேட் குப்பைக்கு.

டிஸ்க்கைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா கனம் அளக்கிற தன் பழைய வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார், கண் ஆபரேஷனுக்கு எதற்கு வெர்னியர் என்று கேட்டால் பதில் இல்லை. டிஸ்க்கின் விளிம்பில் பேட் படாத இடம் தேயாமல் ஒரு மேடாக நிற்கும். வெர்னியரை அப்படியே கவ்வ வைத்தால் அந்த மேட்டைத்தான் அளக்கும். அதனால் இரண்டு பக்கமும் தேய்ந்த இடத்தில் ஒவ்வொரு ரூபாய் நாணயத்தை வைத்து, அதன் மேல் வெர்னியரைக் கவ்வினார். வந்த அளவில் இரண்டு நாணயத்தின் கனத்தைக் கழித்தார். கண் தெரியாததால் கோடுகளை வாசித்தது நான், கணக்குப் போட்டது அவர். டிஸ்க் எவ்வளவு கனம் வரைக்கும் தேயலாம் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். எங்களுடையது அதற்கு நன்றாகவே மேலே இருந்தது, ஆழமான கீறலும் இல்லை. 14,600-ல் பெரும்பகுதி டிஸ்க்குக்குத்தான் போட்டிருந்தார்கள்.

கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடக்கூடாது என்று கொடிக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவைத்தோம். புதுப் பேட் கனமாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் உட்காரும். பழைய பேடை மேலே வைத்து சி கிளாம்பால் மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக. தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பி ஏறும், நிரம்பி வழிந்தால் பெயிண்டை உரித்துவிடும். மகளை டப்பா பக்கத்தில் நிற்கவைத்து, கோட்டைத் தாண்டினால் கத்து என்று சொன்னோம். தாண்டவில்லை, இருந்தாலும் கத்தினாள்.

வலது பக்கம் இதே வேலை, அங்கே பின்கள் இரண்டும் நன்றாக நகர்ந்தன, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

எல்லாம் மாட்டி, சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். கால் அப்படியே தரை வரைக்கும் போனது. வயிற்றைப் பிசைந்தது. அப்பா ஜன்னலில் கை ஊன்றிச் சிரித்தார். பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறோம் இல்லையா, அது வெளியே வந்து பேடைத் தொடுகிற வரைக்கும் அப்படித்தான். நாலைந்து தடவை மிதித்ததும் கல் மாதிரி இறுகியது. இதைச் செய்யாமல் கியர் போட்டிருந்தால் எதிரே தூணில்தான் நின்றிருக்கும்.

புதுப் பேடைப் பழக்க வேண்டும் என்பதும் எனக்குப் புதுச் செய்தி. செவ்வாய் விடியற்காலை ஐந்தரைக்கு, ஹொஸ்கோட்டே பக்கம் ரோடு காலியாக இருந்த இடத்தில், 50-லிருந்து 15 வரைக்கும் பதமாகக் குறைப்பது, நிறுத்தாமல் மறுபடி 50. இப்படி ஒரு எட்டுத் தடவை. கடைசியில் லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. பிறகு பிரேக் படாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டோம். பேடின் மேல் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படிந்தால்தான் பிடி சரியாக வரும். வழியில் தட்டே இட்லி சாப்பிட்டோம்.

சக்கரத்தைக் கழுவும் முறையும் மாறிவிட்டது. கை வைத்துப் பார்த்தால் குளிர்ந்திருக்க வேண்டும், சூட்டில் கழுவினால் சோப்பு திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். முதலில் தண்ணீரை அடித்து மணலை இறக்குவது, அப்புறம் கார் ஷாம்பும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும், நட்டுக் குழிக்குப் பல் தேய்த்துத் தீர்ந்த பிரஷ். இந்த வாளியும் துணியும் பானட் பக்கமே போகக்கூடாது, துணியில் இருப்பது இரும்பு அரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் இரும்புத்தூசியைக் கரைக்கிற ஸ்ப்ரே. அடித்து இரண்டு நிமிஷத்தில் வெள்ளையாக இருந்த நுரை நாவல்பழச் சாறு மாதிரி ஊதாவாக ஒழுகும், பார்க்க அவ்வளவு அழகு. நாற்றம் மட்டும் அழுகின முட்டை. மேல் மாடி ஆன்ட்டி டிரெய்னேஜ் உடைந்துவிட்டது என்று செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிட்டார். கையுறை போட்டுக்கொண்டு, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். காய்ந்ததும் ஆலாயில் மெலிசாக வாக்ஸ் தடவினால் அடுத்த வாரத் தூசி வெறும் தண்ணீருக்கே வருகிறது. வாக்ஸ் துணி தவறிக்கூட டிஸ்க்கில் படக்கூடாது. கழுவின மறுநாள் டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் துருவேறி நிற்கும். முதல் இரண்டு மிதியில் போய்விடுகிற துரு அது, பயப்பட வேண்டாம்.

தேமலுக்கு மட்டும் வழி இல்லை. துடைக்கிற அண்ணனுக்கு தீபாவளிக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்தேன், எதற்கென்று சொல்லவில்லை. முன்சக்கரம் இரண்டையும் துடைக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிறு காலையில் கழுவுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரு விரல் இழுத்துப் பார்த்துவிடுகிறேன். பத்து மணிக்குள் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து போன் வந்துவிடும். பேத்தி எப்படி, மழை பெய்ததா என்பதெல்லாம் பிறகுதான்.

"ரெண்டு பக்கமும் ஒரே கறுப்பா?"

"ஒரே கறுப்புப்பா."

"சரி. போனை பேத்திகிட்ட குடு."